நடுங்காத பச்சைக் குழந்தை!

உடம்புக்குள் ஓர் அடுப்பு: அதைப் பற்ற வைப்பது யார்?

மார்கழி மாதம். விடியற்காலை நேரம்.

மேகமலையில் இருந்து பனிக்காற்று இறங்கி வருகிறது. கம்பம் பள்ளத்தாக்கு முழுவதும் குளிர்ந்து கிடக்கிறது. மலை மேலே ஏலத் தோட்டத்து வேலைக்குப் போகும் பெண்கள், தலையில் துண்டைக் கட்டிக் கொண்டு ஜீப்புக்காகக் காத்து நிற்கிறார்கள். டீக்கடை அடுப்பைச் சுற்றி நாலு பேர் குளிர் காய்கிறார்கள். எல்லோருக்கும் உடம்பு வெடவெட என்று நடுங்குகிறது.

அதே நேரத்தில் ஓர் ஆஸ்பத்திரியில் ஒரு குழந்தை பிறக்கிறது.

அது தாயின் வயிற்றில் வெதுவெதுப்பாகப் படுத்து இருந்த குழந்தை. இப்போது திடீரென்று வெளியே வந்து விட்டது. உடம்பெல்லாம் ஈரம். மேலே துணி இல்லை.

குழந்தை வீறிட்டு அழுகிறது. காலை உதைக்கிறது. ஆனால், நடுங்கவில்லை!

ஸ்வெட்டர் போட்ட பெரியவர் நடுங்குகிறார். துணி இல்லாத குழந்தை நடுங்கவில்லை. இது ஏன்?

குழந்தைக்குக் குளிரவில்லை என்று நினைத்து விடாதீர்கள். அங்கேதான் ஆபத்து இருக்கிறது. குழந்தைக்குக் குளிர்கிறது. பெரியவர்களை விட அதிகமாகவே குளிர்கிறது. ஆனால் அது குளிரோடு போராடும் முறை வேறு.

அதன் உடம்புக்குள் ஓர் அடுப்பு இருக்கிறது. குளிர் பட்டதும் அந்த அடுப்பு எரியத் தொடங்குகிறது.

இரண்டு வகைக் கொழுப்பு

நடுக்கம் என்பது என்ன? நம்முடைய தசைகள் வேகமாகத் துடிக்கின்றன. அந்தத் துடிப்பில் சூடு பிறக்கிறது. அந்தச் சூடு உடம்பைக் காப்பாற்றுகிறது. நடுக்கம் ஒரு நோய் அல்ல. அது உடம்பு செய்யும் வேலை.

பிறந்த குழந்தையின் தசைகள் அந்த வேலைக்கு இன்னும் பழகவில்லை. அதற்குப் பதிலாக இயற்கை வேறு ஓர் ஏற்பாடு செய்து இருக்கிறது. அதுதான் பழுப்புக் கொழுப்பு.

கொழுப்பு என்றதும் நமக்குத் தொந்திதான் நினைவுக்கு வரும். அது வெள்ளைக் கொழுப்பு. வீட்டில் நெல் மூட்டையை அடுக்கி வைப்பது போல, பிற்காலத்துக்காக உடம்பு சேர்த்து வைக்கும் சேமிப்பு அது.

பழுப்புக் கொழுப்பு அப்படி அல்ல. அது சேமிப்பை எரித்துச் சூடு உண்டாக்கும் கொழுப்பு.

குழந்தையின் முதுகில் இரண்டு தோள்பட்டைகளுக்கு நடுவிலும், கழுத்தைச் சுற்றியும், சிறுநீரகத்தைச் சுற்றியும் இந்தக் கொழுப்பு இருக்கிறது. அங்கே உண்டாகும் சூட்டை ரத்தம் எடுத்துக் கொண்டு உடம்பெல்லாம் பரப்புகிறது.

இந்தக் கொழுப்பை மனிதன் கண்டு பல நூறு ஆண்டுகள் ஆகி விட்டன. 1551-ம் ஆண்டில் சுவிட்சர்லாந்து நாட்டு அறிஞர் கான்ராட் கெஸ்னர் அதைப் பற்றி எழுதினார். ஆல்ப்ஸ் மலையில் மார்மட் என்ற பிராணி உண்டு. அணில் இனத்தைச் சேர்ந்த அது, பனிக்காலம் முழுவதும் வளைக்குள் தூங்கும். அதன் முதுகில் இருந்த ஒரு பொருளை அவர் பார்த்தார். அது கொழுப்பும் அல்ல, சதையும் அல்ல. இரண்டுக்கும் நடுவில் ஏதோ ஒன்று என்று குறித்து வைத்தார்.

அதன் வேலை என்ன என்பது தெரிய மேலும் 400 ஆண்டுகள் பிடித்தன!

லோயர் கேம்ப்பில் ஒரு பாடம்

அந்த அடுப்பு எப்படி எரிகிறது? கம்பம் பள்ளத்தாக்கில் இருப்பவர்களுக்கு இதை விளக்குவது எளிது. லோயர் கேம்ப் மின்சார நிலையத்தைப் பார்த்தவர்களுக்கு இன்னும் எளிது.

1895-ம் ஆண்டில் பென்னிகுயிக் கட்டி முடித்த பெரியாறு அணையின் தண்ணீர், தேக்கடியில் இருந்து மலையைக் குடைந்த சுரங்கம் வழியாக வருகிறது. பிறகு ராட்சதக் குழாய்களில் கீழே பாய்ந்து லோயர் கேம்ப்புக்கு வருகிறது. அங்கே சக்கரங்களைச் சுற்றுகிறது. மின்சாரம் கிடைக்கிறது.

மின்சார நிலையத்துக்குப் போகாத தண்ணீருக்கும் ஒரு வழி உண்டு. அது இரைச்சல் பாலம் வழியாகப் பாய்கிறது. பெயரே சொல்கிறது! அங்கே மின்சாரம் கிடையாது. தண்ணீரின் வேகம் எல்லாம் இரைச்சலாகவும் நுரையாகவும் போய் விடுகிறது.

நம் உடம்பின் அநேகமாக எல்லா அணுக்களிலும் இதே போன்ற சின்னஞ்சிறு மின்சார நிலையங்கள் இருக்கின்றன. அவற்றுக்கு மைட்டோகாண்ட்ரியா என்று பெயர். நாம் சாப்பிடும் சோறும் எண்ணெயும் அங்கேதான் எரிகின்றன. அந்த எரிப்பின் பலத்தில் புரோட்டான் என்ற மிக நுண்ணிய துகள்கள் ஒரு சுவருக்கு அப்பால் தள்ளப்பட்டு, அணைத் தண்ணீர் போலத் தேங்கி நிற்கின்றன. அவை திரும்பிப் பாயும்போது ஒரு சக்கரம் சுற்றுகிறது. உடம்பு உழைப்பதற்கு வேண்டிய சக்தி கிடைக்கிறது.

பழுப்புக் கொழுப்பில் மட்டும் ஒரு தனி ஏற்பாடு. அந்தச் சுவரில் இரைச்சல் பாலம் போல ஒரு மாற்று வழி இருக்கிறது. அதன் மதகு திறந்தால், புரோட்டான்கள் சக்கரத்தைச் சுற்றாமலே பாய்ந்து விடும். சக்கரம் சுற்றாததால், அந்தச் சக்தி எல்லாம் சூடாக மாறி விடுகிறது!

அந்த மதகு ஒரு புரதம். 1970-களில் விஞ்ஞானிகள் அதைக் கண்டுபிடித்தார்கள். இப்போது அதற்கு யூ.சி.பி.-1 என்று பெயர்.

இந்தக் கொழுப்புக்குப் பழுப்பு நிறம் வந்த காரணமும் இதுதான். மைட்டோகாண்ட்ரியாக்களில் இரும்புச்சத்து உண்டு. இந்தக் கொழுப்பில் மைட்டோகாண்ட்ரியாக்கள் நெருக்கமாக அடைந்து கிடக்கின்றன. அதனால் அந்த நிறம்.

பூட்டி வைத்த பக்கம்

சரி, அந்த மதகு ஏன் கண்ணில் இல்லை, கையில் இல்லை? ஏன் பழுப்புக் கொழுப்பில் மட்டும் இருக்கிறது?

இதற்குப் பதில் மரபணுவில் இருக்கிறது. மரபணுவை ஜீன் என்றும் சொல்வார்கள்.

உடம்பின் எல்லாப் புரதங்களையும் செய்யும் முறை, ஒரு பெரிய சமையல் புத்தகம் போல அணுவுக்குள் எழுதி வைக்கப்பட்டு இருக்கிறது. ஒரு பக்கம் ஒரு மரபணு என்று வைத்துக் கொள்ளலாம். கண்ணில் உள்ள அணுவிலும், கையில் உள்ள அணுவிலும், கொழுப்பில் உள்ள அணுவிலும் இருப்பது ஒரே புத்தகம்தான். ஆனால் எல்லாப் பக்கங்களும் எல்லா இடத்திலும் திறப்பது இல்லை. மதகு செய்யும் பக்கம், பழுப்புக் கொழுப்பில்தான் நன்றாகத் திறக்கிறது. மற்ற இடங்களில் பூட்டிக் கிடக்கிறது.

பூட்டைத் திறப்பது யார்? குளிர்!

தோலில் குளிர் பட்டதும் நரம்பு வழியாக மூளைக்குத் தகவல் போகிறது. மூளை உடனே பழுப்புக் கொழுப்புக்கு உத்தரவு அனுப்புகிறது. அங்கே உள்ள நரம்பு முனைகளில் இருந்து நார்அட்ரினலின் என்ற ரசாயனம் சுரக்கிறது.

அந்த உத்தரவு இரண்டு வேலைகளைச் செய்கிறது.

முதல் வேலை உடனே நடக்கிறது. அணுவுக்குள் துளித்துளியாக இருக்கும் கொழுப்பு கரைகிறது. அதுவே எரிபொருள் ஆகிறது. அதுவே மதகையும் திறந்து விடுகிறது. சில நிமிடங்களில் அடுப்பு எரியத் தொடங்குகிறது.

இரண்டாவது வேலை மெதுவாக நடக்கிறது. அதற்குச் சில மணி நேரமும் ஆகலாம், பல நாளும் ஆகலாம். உத்தரவு அணுவின் நடுவில் உள்ள புத்தகத்துக்கே போகிறது. பூட்டிய பக்கத்தைத் திறக்கச் சொல்கிறது. புதிய மதகுகளும், புதிய மைட்டோகாண்ட்ரியாக்களும் உண்டாகின்றன.

ஆற்றில் வெள்ளம் வந்தால் முதலில் இருக்கிற மதகைத் திறப்பார்கள். வெள்ளம் குறையாவிட்டால் எஞ்சினீயரைக் கூப்பிட்டு, இன்னும் நாலு மதகு கட்டச் சொல்வார்கள் அல்லவா? அது போலத்தான்.

அந்த எஞ்சினீயர் யார் என்பதும் தெரிந்து விட்டது. 1998-ம் ஆண்டில் அமெரிக்காவில் பாஸ்டன் நகரத்து விஞ்ஞானி புரூஸ் ஸ்பீகல்மேனும் அவருடைய குழுவினரும் அதை அறிவித்தார்கள். பி.ஜி.சி.-1 ஆல்பா என்பது அந்தப் புரதத்தின் பெயர். குளிர் வந்தால் அது பெருகுகிறது. அது பெருகினால் மதகு செய்யும் மரபணு சுறுசுறுப்பாக வேலை செய்கிறது. கழுத்தில் உள்ள தைராய்டு சுரப்பியின் நீரும் இதற்குத் துணை நிற்கிறது. அதனால்தான் தைராய்டு குறைவாக உள்ள குழந்தையின் உடம்பு சில்லென்று இருப்பது உண்டு.

கொடி அறுந்ததும் உத்தரவு

தாயின் வயிற்றில் குழந்தைக்கு அடுப்பு தேவை இல்லை. தாயின் சூடே போதும். அதனால் வயிற்றில் இருக்கும் வரை அடுப்பு அடங்கிக் கிடக்கிறது.

ஆட்டுக்குட்டிகளை வைத்து இதைப் பற்றி ஆராய்ச்சி செய்து இருக்கிறார்கள். தொப்புள் கொடியின் தொடர்பு அறுந்ததும், அடுப்பை அடக்கி வைத்து இருந்த ரசாயனங்கள் நின்று போகின்றன. குளிரும் சேர்ந்து கொள்கிறது. அடுப்பு பற்றி எரிகிறது.

கிடை போடும் கீதாரிகள் பனியில் பிறந்த குட்டி எழுந்து நிற்பதைப் பார்த்து இருப்பார்கள். அதற்குள்ளும் இந்த அடுப்புதான் எரிகிறது. சில வாரங்கள் போனால் ஆட்டுக்குட்டியின் பழுப்புக் கொழுப்பு வெள்ளைக் கொழுப்பாக மாறி விடும். அதன் வேலை முடிந்தது. பக்கமும் மூடிக் கொண்டது.

யானைக்கு இல்லை!

இந்த மரபணு இல்லாவிட்டால் என்ன ஆகும்?

1997-ம் ஆண்டில் அமெரிக்க விஞ்ஞானிகள் இதைச் சோதித்துப் பார்த்தார்கள். அந்த மரபணு வேலை செய்யாத சுண்டெலிகளை உருவாக்கினார்கள். திடீரென்று 5 டிகிரி குளிரில் விட்டார்கள். எலிகளால் தாங்க முடியவில்லை. உடம்புச் சூடு இறங்கி விட்டது.

ஆனால் இயற்கையிலேயே இந்த மரபணு கெட்டுப் போன பிராணிகளும் உண்டு. யானை அவற்றில் ஒன்று!

2023-ம் ஆண்டு மே மாதம் கம்பம் நகரத் தெருக்களில் ஓடிய அரிக்கொம்பன் யானையை யாரும் மறந்து இருக்க மாட்டார்கள். அவ்வளவு பெரிய உடம்பில் இந்தச் சின்ன மதகு கிடையாது. யானைக்கு அது தேவைப்படவும் இல்லை. அண்டாவில் உள்ள வெந்நீர் மெதுவாக ஆறும். டம்ளரில் உள்ள காபி சீக்கிரம் ஆறி விடும். யானை அண்டா. குழந்தை டம்ளர்.

பன்றிக்கும் இந்த மரபணு இல்லை. சுமார் 2 கோடி ஆண்டுகளுக்கு முன்பே பன்றி இனம் அதை இழந்து விட்டது. பன்றிக்குட்டியோ சின்னது. அது என்ன செய்யும்?

அது நடுங்கும். ஒன்றோடு ஒன்று ஒட்டிப் படுக்கும். அதற்கு முன்பே தாய் ஒரு வேலை செய்து வைத்து இருக்கும். மலையடிவாரங்களில் திரியும் காட்டுப் பன்றி, குட்டி போடும் நேரம் வந்தால் புல்லையும் இலையையும் சுள்ளியையும் சேர்த்துப் படுக்கை போடும். குட்டிகள் அந்தக் கதகதப்பில் கிடக்கும்.

மரபணு கைவிட்ட இடத்தில் தாய் வந்து நிற்கிறாள்!

பெரியவர்களுக்கு உண்டா?

வளர்ந்த மனிதர்களுக்குப் பழுப்புக் கொழுப்பு கிடையாது என்று நெடுங்காலம் நினைத்தார்கள். 2009-ம் ஆண்டில் அந்த எண்ணம் மாறியது. அமெரிக்கா, நெதர்லாந்து, பின்லாந்து நாட்டு விஞ்ஞானிகள், பெரியவர்களின் கழுத்திலும் தோளிலும் கொஞ்சம் இருப்பதைப் படம் பிடித்துக் காட்டினார்கள்.

இதை வைத்து உடம்பை இளைக்கச் செய்யலாமா என்று ஆராய்ச்சி நடக்கிறது. ஆராய்ச்சிதான் நடக்கிறது. பழுப்புக் கொழுப்பைத் தூண்டித் தொந்தியைக் கரைக்கும் மாத்திரை என்று யாராவது விற்றால், பணத்தைக் கொடுத்து ஏமாற வேண்டாம்.

குறை மாதக் குழந்தையின் கதி

பெரியவர்களுக்கு இது அழகைப் பற்றிய பேச்சு. பிறந்த குழந்தைக்கோ இது உயிர்ப் பிரச்சினை.

பழுப்புக் கொழுப்பு, தாயின் வயிற்றில் கடைசி 3 மாதங்களில்தான் நன்றாகச் சேருகிறது. 7 மாதத்திலோ 8 மாதத்திலோ பிறந்து விடும் குழந்தைக்கு அடுப்பு சிறியது. விறகும் குறைவு. தோலும் மெல்லியது. இரண்டரை கிலோவுக்குக் குறைந்த எடையில் பிறக்கும் குழந்தைக்கும் கவனம் தேவை.

மாதம் நிறைந்து பிறந்த குழந்தையின் அடுப்பும் இரவு பகலாக எரிய முடியாது. எரிப்பதற்குக் கொழுப்பு வேண்டும். சர்க்கரை வேண்டும். பிராண வாயு வேண்டும். குளிரில் கிடக்கும் குழந்தை இவற்றை எல்லாம் செலவழித்துத் தீர்க்கிறது. ரத்தத்தில் சர்க்கரை குறைகிறது. குழந்தை சோர்கிறது. சோர்ந்த குழந்தை பால் குடிக்காது. பால் குடிக்காவிட்டால் அடுப்புக்கு விறகு இல்லை. உடம்பு இன்னும் குளிர்ந்து போகிறது.

இத்தனையும் சத்தம் இல்லாமல் நடக்கும். குழந்தை நடுங்கிக் காட்டாது. "ஐயோ, குளிருகிறதே!" என்று சொல்லாது. சில சமயம் அழக் கூட அழாது. "பிள்ளை சமர்த்தாகத் தூங்குகிறது" என்று வீட்டில் உள்ளவர்கள் நினைத்துக் கொள்வார்கள்.

புறங்கை சொல்லும் சேதி

குழந்தைக்குக் குளிர்கிறதா என்று கண்டுபிடிக்க ஒரு சுலபமான வழி உண்டு. உங்கள் புறங்கையால் குழந்தையின் வயிற்றைத் தொட்டுப் பாருங்கள். பிறகு பாதத்தைத் தொட்டுப் பாருங்கள்.

வயிறும் பாதமும் கதகதப்பாக இருந்தால் கவலை இல்லை.

வயிறு கதகதப்பாக இருந்து பாதம் சில்லென்று இருந்தால், குழந்தை குளிரோடு போராடுகிறது. அடுப்பு எரிகிறது என்று அர்த்தம். உடனே தாயின் மார்போடு அணைத்துப் போர்த்திப் பால் கொடுக்க வேண்டும்.

வயிறும் பாதமும் இரண்டுமே சில்லென்று இருந்தால், அடுப்பு தோற்றுக் கொண்டு இருக்கிறது. குழந்தையை மார்போடு அணைத்தபடியே ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போக வேண்டும். 108-க்குப் போன் செய்தால் ஆம்புலன்ஸ் வரும்.

தெர்மாமீட்டர் வைத்துப் பார்த்தால், பிறந்த குழந்தையின் சூடு 97.7 டிகிரி முதல் 99.5 டிகிரி பாரன்ஹீட் வரை இருக்க வேண்டும்.

வீட்டில் செய்ய வேண்டியவை இன்னும் சில உண்டு.

குழந்தை பிறந்த உடனே ஈரத்தைத் துடைத்து விட வேண்டும். ஈரத் துணியை எடுத்து விட்டு, உலர்ந்த துணியால் போர்த்த வேண்டும்.

தலைக்குக் குல்லாய் போட வேண்டும். குழந்தையின் உடம்பில் தலைதான் பெரிது. சூடு அதன் வழியாக அதிகம் போய் விடும்.

ஒரு மணி நேரத்துக்குள் தாய்ப்பால் கொடுக்க வேண்டும். அதுதான் அடுப்புக்கு முதல் விறகு.

பிறந்த அன்றே குளிப்பாட்டக் கூடாது. 24 மணி நேரமாவது பொறுக்க வேண்டும் என்று உலக சுகாதார நிறுவனம் கூறுகிறது. எடை குறைந்த குழந்தையை எப்போது குளிப்பாட்டலாம் என்று டாக்டரைக் கேட்டுக் கொள்வது நல்லது. குழந்தையைக் குளிப்பாட்டுவதில் அப்பத்தாவுக்கும் அம்மாச்சிக்கும் கை தேர்ந்த பழக்கம் உண்டு. அந்தப் பழக்கம் சில நாள் காத்து இருக்கலாம்.

வெந்நீர்ப் பையையோ, சூடான பாட்டிலையோ குழந்தையின் பக்கத்தில் வைக்கக் கூடாது. மெல்லிய தோல் வெந்து விடும். சாம்பிராணிப் புகையும் வேண்டாம். அது சின்ன நுரையீரலுக்கு ஆகாது.

தாயின் மார்புதான் அடுப்பு

குறை மாதக் குழந்தைக்கு என்ன வழி?

1978-ம் ஆண்டில் தென் அமெரிக்காவில், கொலம்பியா நாட்டின் பொகோட்டா நகரத்தில் எட்கர் ரே என்ற டாக்டர் இருந்தார். அவருடைய ஆஸ்பத்திரியில் குறை மாதக் குழந்தைகள் நிறைய. அவர்களைச் சூடாக வைக்கும் கண்ணாடிப் பெட்டிகளோ குறைவு.

அவர் தாய்மார்களையே கூப்பிட்டார். துணி போடாத குழந்தையை, தாயின் இரண்டு மார்புகளுக்கும் நடுவில் நிமிர்த்தி வைத்துக் கட்டச் சொன்னார். தாயின் தோலும் குழந்தையின் தோலும் ஒட்டி இருக்கும். மேலே துணியால் போர்த்தி இருக்கும். கங்காரு தன் குட்டியைப் பையில் வைத்து இருப்பது போல!

இதற்குக் கங்காரு முறை என்றே பெயர் வந்து விட்டது. இன்று உலகம் முழுவதும் ஆஸ்பத்திரிகளில் இது நடக்கிறது.

2021-ம் ஆண்டில் இதைப் பற்றிய ஒரு பெரிய ஆராய்ச்சி வெளிவந்தது. இந்தியாவும் நான்கு ஆப்பிரிக்க நாடுகளும் அதில் கலந்து கொண்டன. இந்தியாவில் டெல்லி சப்தர்ஜங் ஆஸ்பத்திரியில் அது நடந்தது. 1 கிலோவுக்கும் 1 கிலோ 800 கிராமுக்கும் இடைப்பட்ட எடை உள்ள 3 ஆயிரத்துக்கும் அதிகமான குழந்தைகளைக் கவனித்தார்கள்.

பாதிக் குழந்தைகளுக்கு வழக்கமான சிகிச்சை. உடல்நிலை தேறிய பிறகுதான் அவர்கள் கங்காரு முறைக்கு மாற்றப்பட்டார்கள். மறு பாதியைப் பிறந்த உடனேயே தாயின் மார்பில் வைத்தார்கள். தாய் இல்லாத நேரத்தில் வீட்டைச் சேர்ந்த இன்னொருவர் அணைத்துக் கொண்டார்.

முடிவு என்ன? வழக்கமான சிகிச்சை பெற்ற குழந்தைகளில், முதல் 28 நாட்களில் 100-க்குச் சுமார் 16 குழந்தைகள் இறந்தன. மார்பில் வைத்த குழந்தைகளில் அது 12 ஆகக் குறைந்தது. நூற்றில் நாலு உயிர் மிச்சம்!

குறை மாதக் குழந்தைகளை ஒரு நாளில் 8 மணி நேரத்துக்குக் குறையாமல், முடிந்தால் நாள் முழுவதும் இப்படி அணைத்து வைக்கலாம் என்று உலக சுகாதார நிறுவனம் கூறுகிறது. தாய் களைத்து விட்டால் தகப்பனார் அணைத்துக் கொள்ளலாம். பாட்டி அணைத்துக் கொள்ளலாம். இதற்குப் பணம் வேண்டாம். மின்சாரம் வேண்டாம்.

மார்கழிக் குளிர் இனியும் வரும். மேகமலைக் காற்று இனியும் கீழே இறங்கும். பிறந்த குழந்தையின் முதுகில் அந்தச் சின்ன அடுப்பு தன்னால் முடிந்த வரை எரியும்.

அது தளரும்போது, பக்கத்தில் தாயின் மார்பு இருக்க வேண்டும். அவ்வளவுதான்!